பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள்

வாக்கியக் கணக்குகளைச் சொல்லித்தர, ‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு’ என்று வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பட்டியல் இரண்டாம் வகுப்பைத் தாண்டாது.

‘முருகனிடம் 24 மல்கோவா உள்ளன. இது வள்ளியிடம் இருப்பதைவிட 6 அதிகம். வள்ளியிடம் எத்தனை?’ ‘அதிகம்’ கண்ணில் பட்டதும் பிள்ளை 30 என்று எழுதிவிடும். விடை 18. கூட்டல், கழித்தல் தெரியாததால் வரும் தப்பு இல்லை இது. யாரிடம் அதிகம் என்று பார்க்காததால் வருவது. எண்களை விரலால் மறைத்துவிட்டு அதை மட்டும் முதலில் கேளுங்கள். பிறகு இரண்டு பட்டை வரையட்டும்: முருகனுக்கு நீளம், வள்ளிக்குக் குட்டை, மிஞ்சும் துண்டில் 6. பட்டை சரியாக விழுந்தால் கூட்டலா கழித்தலா என்ற குழப்பமே வராது. அப்போதும் திணறினால் 24-ஐ 5 ஆகவும், 6-ஐ 2 ஆகவும் மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

வகுத்தலில் தொல்லை வேறு மாதிரி. சேலத்திலிருந்து 130 பேர் ஏற்காடு போக 52 இருக்கைப் பேருந்து எத்தனை வேண்டும்? ‘ஈவு 2, மீதி 26’ என்று எழுதி நோட்டை மூடிவிடுவார்கள். அந்த 26 பேரைச் சேலம் அஸ்தம்பட்டியிலேயே இறக்கிவிடுவதா? விடை 3. அதே 130 தட்டுவடையை டப்பாவுக்கு 52 வீதம் அடைத்தால் நிறைந்த டப்பா 2 தான். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்துப் பாருங்கள். விடையை வெறும் எண்ணாக ஏற்காமல் முழு வாக்கியமாக எழுதச் சொன்னால், பாதிப் பேர் தாங்களே அடித்துத் திருத்துவார்கள்.