ஓலைப் பெட்டியில் வந்த நாவல்

சென்ற ஆவணியில் ஒரு முற்பகல், பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய கூரியர் தம்பி, கையெழுத்து வாங்குவதற்கு முன்பே பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஊர்லேருந்து கருப்பட்டி வந்திருக்கு போல" என்றார். மேல்தாளைப் பிரித்தால், பனையோலையில் முடைந்த மூடி போட்ட பெட்டி. உள்ளே, சிரட்டையில் வார்த்த கருப்பட்டி ஒன்று, கசிந்து தாளைக் கெடுத்துவிடாதபடி வாழைச்சருகில் தனியாகப் பொதியப்பட்டிருந்தது. அதன் அடியில், பனைநாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய புதிய நாவலின் முன்படி. அட்டையில் ஓவியம் கிடையாது. தலைப்பும், 'மெய்ப்புப் படி, விற்பனைக்கு அன்று' என்ற வரியும் மட்டுமே. செம்மணல் மேடான தேரிக்காட்டின் பனையேறிக் குடும்பம் ஒன்றின் ஒரே ஒரு பதனீர்ப் பருவத்தைச் சொல்லும் கதை அது. நார் முடிச்சை அவிழ்க்கப் பிடித்த நேரத்திலேயே நான் அந்தக் காட்டுக்குள் போய்விட்டேன்.

ஆங்கிலப் பதிப்புலகில் நாவல் வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்பே திருத்தம் முடியாத படிகளை மதிப்புரையாளர்களுக்கும் புத்தகக் கடைக்காரர்களுக்கும் அனுப்புவது நெடுநாள் வழக்கம். கதையோடு தொடர்புடைய வரைபடம், கடிதம், விதைப் பொட்டலம் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்து அழகாகக் கட்டி அனுப்புவதும் இப்போது பெருகியிருக்கிறது. நம்மிடமோ, தை மாதத்தையொட்டி வரும் சென்னைப் புத்தகக் காட்சிக்காக எல்லா நாவல்களும் ஒரே நேரத்தில் அச்சகத்திலிருந்து ஓடிவருகின்றன. நிதானமாகப் படித்துச் சொல்ல ஒருவருக்கும் அவகாசம் இல்லை.

ஆனால் முன்வாசிப்பு நமக்குப் புதிதன்று. அரங்கேற்றம் என்பது நூலை அறிந்தோர் அவையில் முதலில் படித்துக் காட்டுவதுதானே? இன்றைய பின்னட்டை வாசகங்களின் வேலையை, நூலைப் பாராட்டிப் பிறர் பாடிய சிறப்புப் பாயிரம் அன்றே செய்தது. ஏட்டுச்சுவடியைக் கட்டும் முறையிலும் எத்தனை கவனம்! மேலும் கீழும் சட்டம் வைத்து, துளையில் கயிறு கோத்து, கயிறு உருவிவிடாமலிருக்க அதன் நுனியில் கிளிமூக்குப் போல நறுக்கிய ஓலைத் துண்டை முடிந்தார்கள். அதன் பெயரும் கிளிமூக்குதான். பொருநை என்னும் தாமிரபரணிக் கரையில் உ.வே.சா. வீடு வீடாகத் தேடியலைந்தது இப்படிக் கட்டிக் காத்த ஏடுகளைத்தான்.

இப்படி அனுப்புவது மதிப்புரைக்குக் கொடுக்கும் கையூட்டு என்று நண்பர்கள் சிலர் வருந்துகிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். என்றாலும், கருப்பட்டியைச் சுவைத்த கையோடுதான் அந்த நாவலாசிரியருக்கு, பிற்பகுதியில் அவசரம் தெரிகிறது என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். என்னை வருத்துவது வேறொன்று. முன்பொருமுறை ஒரு பதிப்பகத்திலிருந்து பளபளக்கும் பெரிய அட்டைப்பெட்டி வந்தது. பீங்கான் கோப்பை, மிட்டாய், சாவிக்கொத்து எல்லாம் பத்திரமாக இருக்க, புத்தகம் மட்டும் நான்கு முனையும் மடங்கிக் கிடந்தது. கதைக்கும் அந்தப் பொருள்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெட்டியில் எது இருக்க வேண்டும் என்பதைக் கதைதான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்குப் பெரும்பணம் தேவையில்லை. முதல் பதிப்பே சில நூறு படிகள்தான் என்னும்போது, முன்படிகள் இருபதோ முப்பதோ போதும். மணப்பாட்டில் ஓலைப் பெட்டி முடையும் பெண்கள் இருக்கிறார்கள். பத்தமடையில் கோரை நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆற்றங்கரைக் கதை என்றால், கோரையில் ஒரு சிறு உறை நெய்து தரச் சொல்லலாமே! நெய்தவருக்கும் கூலி கிடைக்கும், வாசகர் அந்த உறையைத் தூக்கியெறியவும் மாட்டார்.

அந்த மெய்ப்புப் படியில் ஓரிடத்தில் 'குடிசை' என்று அச்சாகியிருந்ததை ஆசிரியர் நீல மையால் அடித்து, மேலே 'விடிலி' என்று எழுதியிருந்தார். பதனீர் காய்ச்சும் இடத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. புத்தகக் காட்சியில் நாவல் வெளிவந்ததும் காசு கொடுத்து ஒரு படி வாங்கி, நின்ற இடத்திலேயே அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'விடிலி' என்றே இருந்தது. இப்போது இரண்டு படிகளும் அதே ஓலைப் பெட்டிக்குள் இருக்கின்றன. மூடியைத் திறந்தால் இன்னும் லேசாகக் கருப்பட்டி மணக்கிறது.