உருகுவதற்கு முன் மீட்க வேண்டிய வெள்ளி

இங்கிலாந்தின் பழைய கிராமப்புற மாளிகை ஒன்றில் வெள்ளிச் சாமான்கள் களவு போனால், திருடனைத் தேடும் அதே வேகத்தில் அதை உருக்கப்போகும் உலையையும் தேட வேண்டும். பல நாளாக இதைச் சொல்ல நினைத்தேன். ஓவியத்தைத் திருடியவன் அதைக் கிழியாமல் வைத்திருந்தால்தான் அவனுக்குக் காசு. வெள்ளிக்கு அந்தப் பாதுகாப்புகூடக் கிடையாது. சுத்த வெள்ளியே 962 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பிறகு அது யார் வீட்டுச் சொத்து, யார் கைவேலை என்று யாராலும் சொல்ல முடியாது.

பால் டி லாமெரி என்றொரு மாபெரும் கலைஞர். பிரான்சில் மதத்துக்காக விரட்டப்பட்ட ஹியூகனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட்) குடும்பத்தில் பிறந்து, 18ஆம் நூற்றாண்டு லண்டனில் வெள்ளியில் அற்புதங்கள் செய்தவர். ஏலத்தில் அவருடைய சாமான்கள் எடைக்குரிய விலையைப்போல் பல மடங்குக்குப் போகும். உருக்குபவனின் தராசிலோ அவர் செய்த தட்டும் போன வருடம் செய்த நசுங்கிய தட்டும் ஒன்றுதான். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்த ஆபத்தும் ஏறுகிறது. 1980 ஜனவரியில் விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது, திருடர்கள் மட்டுமல்ல, சொந்தக்காரர்களே குடும்பச் சொத்துகளைக் கொண்டுபோய் உருக்கக் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் அந்த உயரத்தையும் விலை தாண்டிவிட்டது.

இத்தனைக்கும், திருடுபோன பொருள்களில் தன் ஜாதகத்தை உடம்பிலேயே சுமந்து வருவது பிரிட்டிஷ் வெள்ளி. லண்டனில் தரம் சோதிக்கப்பட்டது என்றால் சிறுத்தைத் தலை. அது 1300ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிற முத்திரை. பர்மிங்ஹாம் என்றால் நங்கூரம். தரத்துக்கு நடக்கும் சிங்கம், ஆண்டுக்கு ஓர் எழுத்து, செய்தவருக்கு ஒரு முத்திரை. ஆனால் ஹால்மார்க் எனப்படும் இந்த முத்திரைகள் மட்டும் போதாது. ஒரே பட்டறை ஒரே வருடத்தில் செய்த பன்னிரண்டு தட்டுகளிலும் அதே முத்திரைகள்தான் இருக்கும். 'இது என் தட்டு' என்று நிரூபிக்க வேறு அடையாளம் வேண்டும்.

அந்த அடையாளம் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுச் சாமான்கள் பலவற்றின் அடியில் அன்றைய எடையை அவுன்ஸிலும் அதன் இருபதில் ஒரு பங்கான பென்னிவெயிட்டிலும் ஊசியால் கீறி வைத்திருப்பார்கள். செட்டாக இருந்தால் எத்தனையாவது உருப்படி என்கிற எண்ணும் சிலவற்றில் உண்டு. கையால் செய்தவை என்பதால் ஒன்றின் எடை இன்னொன்றுக்கு அப்படியே பொருந்துவது அரிது. தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துத் துடைத்ததில் இன்றைய எடை அதைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்த வித்தியாசமும் ஓர் அடையாளம்தான். முன்பக்கம் குடும்பத்தின் குலச்சின்னம் பொறித்திருக்கும். திருடன் அதை ராவி அழித்தாலும் அந்த இடத்தில் தகடு மெலிந்துபோகும். அனுபவப்பட்ட வியாபாரி மேலே வாயால் ஊதிப் பார்ப்பார். மூச்சின் ஈரம் படியும்போது அழித்த தடமும் பற்றவைத்த ஒட்டும் தெரியும். இவ்வளவு சாட்சி வேறெந்தக் களவுப்பொருளில் இருக்கிறது?

ஆனால் 'வெள்ளி மெழுகுவத்தித் தண்டு, ஒரு ஜோடி, மூன்றாம் ஜார்ஜ் காலம்' என்று மட்டும் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு போலீஸ் என்ன செய்யும்? அந்த வர்ணனைக்கு எத்தனையோ ஜோடிகள் பொருந்தும். என்ன எழுத வேண்டும், எதைப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஆப்ஜெக்ட் ஐடி என்ற சர்வதேச முறை 1997லேயே வந்துவிட்டது. லண்டனில் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் என்ற, களவுபோன கலைப்பொருள்களின் பதிவேடு இருக்கிறது; ஏல நிறுவனங்கள் விற்பனைக்கு முன் அதில் தேடிப் பார்க்கின்றன. தேடினால் கிடைக்க, நாம் கொடுத்த விவரம் அதில் இருக்க வேண்டும்.

2006 பிப்ரவரியில் வில்ட்ஷயரின் ராம்ஸ்பரி மாளிகையில் கோடீஸ்வரர் ஹாரி ஹையாம்ஸின் கலைச் சேகரிப்பைக் கொள்ளையடித்தது ஜான்சன் குடும்பத்துக் கொள்ளைக் கும்பல். பிரிட்டனில் தனியார் வீட்டில் நடந்த மிகப்பெரிய களவுகளில் ஒன்று அது. சாமான்களில் ஒரு பகுதி பின்னர் நிலத்தடிப் பதுங்குகுழி ஒன்றில் கிடைத்தது. கும்பல் அவற்றைப் பதுக்கி வைத்திருந்ததால்தான் கிடைத்தது. 2019இல் பிளென்ஹைம் அரண்மனையிலிருந்து பெயர்த்தெடுத்த 18 காரட் தங்கக் கழிப்பறைக் கோப்பையோ இன்றுவரை கிடைக்கவில்லை. குற்றவாளிகளுக்கு 2025இல் தண்டனை கிடைத்தும் தங்கம் திரும்பவில்லை.

எனக்குக் கோபம் வருவது சட்டத்தின் மேல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013ஆம் ஆண்டின் பழைய உலோக வியாபாரிகள் சட்டப்படி, செம்புக் கம்பியை வாங்குபவர் ரொக்கம் கொடுக்கக்கூடாது. விற்பவர் யாரென்று சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். தேவாலயக் கூரை ஈயமும் ரயில்வே கேபிளும் களவு போனதால் கொண்டுவந்த நல்ல சட்டம். அதே சட்டம் தங்கத்தையும் வெள்ளியையும் வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கிறது. கேபிளுக்கு இருக்கும் காவல் லாமெரியின் கிண்ணத்துக்கு இல்லை! பெருந்தொகை ரொக்கத்துக்குப் பணமோசடித் தடுப்பு விதிகள் உண்டு என்பார்கள். மூட்டையைப் பிரித்துப் பல கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றால் அந்த வரம்பு எந்தக் காலத்தில் எட்டும்?

நான் கேட்கும் சட்டம் இதுதான்: ஹால்மார்க் உள்ள பழைய வெள்ளியை எடைக்கு வாங்குபவர் இரண்டு வாரமாவது உருக்காமல் வைத்திருக்க வேண்டும். அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போலீஸ் பார்க்கக்கூடிய இடத்தில் பதிவு செய்ய வேண்டும். ரொக்கம் கூடாது. நேர்மையான வியாபாரிகளின் பணம் முடங்கும் என்று சொல்வார்கள், அது உண்மைதான். விலை ஏறி இறங்கும் சரக்கு, அவர்களுக்குச் சிரமம்தான். ஆனாலும் அந்தச் சிரமத்துக்கு ஈடு கட்டலாம். உருகிப்போன பாத்திரத்துக்குக் கட்ட முடியாது.

உருகாமல் தப்பியதற்கும் கெடு உண்டு. களவுப்பொருள் என்று தெரியாமல் ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கினால், அன்றிலிருந்து 6 ஆண்டுகளில் பழைய சொந்தக்காரரின் உரிமை 1980ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி அற்றுப்போகும். பொருள் எங்கே இருக்கிறது என்றே சொந்தக்காரருக்குத் தெரியாவிட்டாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவசரத்தில் 'எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம், சன்மானம் தருகிறோம்' என்று விளம்பரம் கொடுத்தால் அதுவே 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி குற்றம்.

சட்டம் மாறும்வரை காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்று செய்யலாம். இழப்பீடு கொடுத்துவிட்டால் மீட்கப்படும் பொருள் வழக்கமாக அவர்களுக்குத்தான் சேரும். ஆக, மீட்பதில் அவர்களுக்கும் லாபம் இருக்கிறது. பாலிசியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் முத்திரை, கீறிய எடை, குலச்சின்னம் மூன்றும் தெளிவாகத் தெரியும் படங்களைக் கட்டாயமாகக் கேட்கட்டும்.