படிக்காமல் போட்ட பதினான்காவது இடம்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்ன நடந்தது என்று, எடுக்கப்படாத படங்களைக் கதையாக எழுதி ஜூரியிடம் ரேங்க் வாங்குகிற நம் ஆட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆரம்பத்திலிருந்து ஆடுகிற பெரியவர்கள் யாராவது வாய் திறப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் திறக்கவில்லை. அட்மின் "வெற்றியாளர்களுக்கு வாழ்த்துகள்" என்று ஒரு பூங்கொத்துப் படத்தைப் போட்டு சீசனை முடித்துவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். படிக்காமல் ரேங்க் போடாதீர்கள்.

பட்டியல் திறந்தது ராத்திரி 10.05க்கு. அதுவரை 14 கோப்புகளும் பூட்டி இருந்தன, ஜூரியில் யாரும் பார்த்திருக்க வழியில்லை. ஒன்பது பேர் ஜூரியில் ஒருவர் 14 படத்துக்கும் வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு வரி விமர்சனமும் எழுதிப் பதிந்தது 10.40க்கு. ஒவ்வொரு படமும் நாலு பக்கம், ஐந்து பக்கம். எழுதிய நேரத்தைக் கழிக்காமலே கணக்குப் போட்டாலும் ஒரு படத்துக்கு இரண்டரை நிமிடம். சரி, சிலர் வேகமாகப் படிப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். நேரத்தை வைத்து மட்டும் நான் யார் மேலும் பழி போடவில்லை. அவர் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். நம் ஆட்டத்தில் ஒரு தங்கச்சி எழுதிய 'வெள்ளைப் பாத்தி' படத்துக்கு அவர் எழுதியது இதுதான்: "ஹீரோயின் டாக்டராகி ஊருக்குத் திரும்பும் பழைய கதை. உப்பு அள்ளுவதையே இழுத்திருக்கிறார்கள். லாக்." லாக் என்றால் இழுவை. கொடுத்த இடம் 14.

அந்தக் கதையில் யாரும் டாக்டர் ஆகவில்லை. ஊரைவிட்டுப் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. டாக்டர் வருவது பட்டியலில் அதற்கு அடுத்து இருந்த படத்தில். வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

படித்தவர்களுக்கு அந்த இடைவேளைக் காட்சி மறக்காது. தூத்துக்குடி உப்பளம், விடியாத நேரம், அம்மாவும் மகளும். மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் காற்றில் பறந்து பாத்தி நடுவில் போய் விழுகிறது. உப்பு படிந்துகொண்டிருக்கிற பாத்தி. இறங்கினால் சேறு கலங்கும், உப்பு கறுத்துவிடும், அன்றைக்குக் கூலி கிடையாது. அம்மா வரப்பிலேயே நிற்கிறாள். நாலு நாள் கழித்து உப்பு வாரும்போது பலகையோடு அந்தத் தாளும் வருகிறது. அவள் அதைத் துடைக்கவில்லை. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள், எண்கள் இருந்த இடமெல்லாம் உப்பு பூத்திருக்கிறது. வசனமே இல்லை. 'இசை வேண்டாம், பலகை தரையில் உரசும் சத்தம் போதும்' என்று கீழே ஒரு குறிப்பு எழுதியிருந்தார் அந்தத் தங்கச்சி. நான் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன், அப்புறம் திரும்பி நடந்து வந்தேன்.

இதற்குப் பெயர் லாக் என்றால் ஒன்று சொல்கிறேன். சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை பத்து வருடத்துக்கு ஒரு முறை உலகம் முழுக்க விமர்சகர்களிடம் கேட்டு சிறந்த படங்களை வரிசைப்படுத்துகிறது. 2022ல் 1,600க்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டார்கள். முதலிடம் ஷான்டல் அகெர்மன் 1975ல் எடுத்த 'ழான் தியல்மன்' படத்துக்கு. 201 நிமிடம். ஒரு பெண் உருளைக்கிழங்கு தோல் சீவுவதையும் படுக்கையை மடிப்பதையும் அப்படியே காட்டுகிற படம். பிடிக்காதவர்களும் நிறைய உண்டு. ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்கிற ஆள், அந்தப் படத்தில் இல்லாத டாக்டரைக் குறை சொல்வதில்லை.

"இருக்காத படத்துக்கு இவ்வளவு அலட்டலா?" என்று ஒருத்தர் இன்பாக்ஸில் வந்து கேட்டார். இருக்காத படம் என்பதால்தான் கேட்கிறேன் ஐயா. நிஜப் படத்துக்கு விமர்சகன் தூங்கினாலும் படம் ஓடும். கேமராமேன் இருக்கிறார், இசை இருக்கிறது, நடிகர் முகம் இருக்கிறது, பக்கத்து சீட்டில் யாராவது அழுதாலாவது திரும்பிப் பார்ப்போம். நம் படங்களுக்கு என்ன இருக்கிறது? நாலு பக்கம் எழுத்து, ஒரு நடிகர் பட்டியல், ஒரு பட்ஜெட். அதைப் படிக்கிறவர் தலைக்குள்தான் அது ஓட வேண்டும். அவர்தான் தியேட்டர். அவர் படிக்கவில்லை என்றால் அந்தப் படம் ரிலீஸே ஆகவில்லை. ரிலீஸ் ஆகாத படத்துக்குக் கடைசி இடம் கொடுத்திருக்கிறீர்கள்.

எனக்கு இது புதிய விஷயம் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் ஊர். டவுனுக்குப் போய்ப் படம் பார்க்கிற வசதி அக்காவுக்குத்தான் கிடைக்கும், சித்தி கூட்டிக்கொண்டு போவாள். திரும்பி வந்து ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்குக் கதை சொல்வாள். சும்மா கதை இல்லை, எழுத்துப் போடுவதிலிருந்து ஆரம்பிப்பாள், சண்டைக்கு வாயாலேயே மியூசிக், பாட்டு வந்தால் இரண்டு வரி பாடிவிட்டு "இங்க மழை பெய்யும்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இருந்ததால், பார்க்காத படத்தைக் கண்ணுக்குள் ஓட்டுவது கஷ்டமாகவே இல்லை. விகடன் அப்போது படங்களுக்கு 100க்கு மதிப்பெண் போடும். நல்ல படமே 45 தாண்டினால் பெரிய விஷயம், '16 வயதினிலே' வாங்கிய 62.5ஐப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். நானும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அக்கா சொன்ன படங்களுக்கெல்லாம் மார்க் போட்டு வரிசை எழுதி வைத்திருந்தேன்.

ஒரு நாள் அவள் சொல்லும்போது பாதியில் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து நோட்டில் 38 என்று எழுதினேன். அக்கா பார்த்துவிட்டாள். "இடைவேளைக்கு அப்புறம் என்னடா நடந்துச்சு, சொல்லு" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவள் திட்டவில்லை. பென்சிலை வாங்கி அந்த 38ஐ அடித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் ஒரு மாதம் எனக்குக் கதை சொல்லவே இல்லை. தம்பிக்குச் சொல்வாள், நான் வந்தால் நிறுத்திவிடுவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதில் எனக்குப் புரிந்த விஷயத்தை, நாற்பது தாண்டிய ஒருவருக்கு நான் பதிவு போட்டு விளக்க வேண்டியிருக்கிறது.

விமர்சகருக்குச் சுதந்திரம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. படித்துவிட்டு 14வது இடம் கொடுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். படிக்காமல் முதல் இடம் கொடுத்திருந்தாலும் இதே பதிவைத்தான் எழுதியிருப்பேன்.

நேரம் இல்லை என்பதும் ஒரு காரணம் இல்லை. ஜூரியில் சேரச் சொல்லி யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ரேங்க் போட இன்னும் அவகாசம் இருந்தது. 'என்னால் முடியவில்லை' என்று ஒரு வரி போட்டிருந்தால் எட்டுப் பேரோடு கணக்கை முடித்திருப்பார்கள்.

"ஒரு ஆள் ஓட்டால் என்ன மாறிவிடப் போகிறது?" என்பதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதைச் சொன்னவர்கள் கணக்குப் போட்டே பார்க்கவில்லை. முதல் இடத்துக்கு 14 புள்ளி, கடைசிக்கு 1. மற்ற எட்டு ஜூரியும் 'வெள்ளைப் பாத்தி'க்குக் கொடுத்தது மொத்தம் 97. இவருடைய ஒன்றையும் சேர்த்து 98. மூன்றாம் இடத்துப் படம் 101. இவர் அதைப் பத்தாவது இடத்தில் வைத்திருந்தால்கூட 5 புள்ளி, 102 ஆகியிருக்கும், மூன்றாம் இடம். முதல் மூன்று பேருக்குத்தான் அடுத்த சீசனில் கூடுதல் முதலீடு. அந்தத் தங்கச்சி மூன்று சீசனாகச் சின்ன பட்ஜெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஒலிம்பிக் டைவிங்கில் ஏழு நடுவர்கள் மார்க் போட்டால் அதிகமான இரண்டையும் குறைவான இரண்டையும் தூக்கிவிட்டு நடுவில் இருக்கிற மூன்றைத்தான் எடுப்பார்கள். ஒரே ஒரு ஆள் மற்றவர்கள் உழைப்பைக் கவிழ்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. நம்மிடம் அது இல்லை. நாம் ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தான் ஆடுகிறோம்.

அப்புறம் அந்தக் கடைசி அஸ்திரம்: "விளையாட்டுதானே, விடுங்க." இதுதான் என்னை அதிகமாகக் காயப்படுத்தியது. 2005ல் 'தி மூவீஸ்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. ஸ்டுடியோ நடத்தலாம், உள்ளேயே படம் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டலாம். அது வெளிவந்த அதே நவம்பரில் பாரிஸ் புறநகர்களில் கலவரம். போலீசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்ததிலிருந்து வெடித்தது. அதற்கு முன் படமே எடுத்திராத அலெக்ஸ் சான் என்கிற பிரெஞ்சு இளைஞர், அந்த விளையாட்டுக்குள்ளேயே பதின்மூன்று நிமிடப் படம் ஒன்றை எடுத்து அந்தக் கோபத்தைப் பேசினார். பல நாட்டுப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின. 'விளையாட்டுதானே' என்று அவர்கள் தள்ளிவிட்டுப் போகவில்லை, உட்கார்ந்து பார்த்தார்கள்.

என் படம் ஆறாவது இடம். அதில் எனக்குப் புகார் இல்லை, எட்டுப் பேர் படித்துவிட்டுச் சொன்னதை மனதார ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கேட்டதால் சொல்கிறேன், இதே ஆள் என் படத்துக்கு எழுதியது "ஓகே ரகம்". மூன்று மாதம் எழுதினேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கினதுக்கு அப்புறம், அடுக்களை லைட்டைப் போட்டுக்கொண்டு. பட்ஜெட் இடிக்கிறது என்று ஒரு மழைக் காட்சியை வெட்டினேன், இல்லாத மழைக்கு இல்லாத லாரித் தண்ணீர் எத்தனை லோடு என்று கணக்குப் போட்டேன். 'நல்லா இல்லை' என்றாவது எழுதியிருக்கலாம். நல்லா இல்லை என்று சொல்லவாவது படித்திருக்க வேண்டுமே.

நம்மில் யாரும் நிஜமாகப் படம் எடுக்கப் போவதில்லை. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒருத்தர் மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறார், ஒருத்தர் துபாயில் ஏசி மாட்டுகிறார், நான் காலையில் எட்டு மணிக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறேன். உதவி இயக்குநராகப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். அப்புறம் நான் அதைச் சொல்லவே இல்லை. இருபது வருடம் ஆகிவிட்டது. இந்த ஆட்டத்தில்தான் முதல் முறையாக ஒருத்தர் என்னிடம் "உங்க செகண்ட் ஆஃப் இழுக்குது" என்றார். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? குறை சொன்னதற்கு. ஏனென்றால் அந்த மனிதர் செகண்ட் ஆஃப் வரைக்கும் வந்திருந்தார்.

அந்தத் தங்கச்சியிடம் நேற்று பேசினேன். "பரவாயில்ல அண்ணா, எனக்கு டியூட்டி டைமும் மாறுது, அடுத்த சீசன் நான் வரல" என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் பார்த்தால் தன் கதை இருந்த ஃபைலை அழித்துவிட்டார். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, பஸ்ஸில் படிக்க இறக்கி வைத்தது. அவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் அனுப்ப மாட்டேன், கேட்காதீர்கள்.

அந்த ஜூரி உறுப்பினர் மட்டும் கேட்டால், தங்கச்சியிடம் பேசி அனுமதி வாங்கி அனுப்புகிறேன். நாலரைப் பக்கம்தான்.