பட்டப்படிப்பில் முதல் வகுப்பு கட்டாயமா?
'முதல் வகுப்பு இல்லாவிட்டால் செவ்னிங் புலமைப்பரிசிலை நினைத்தும் பார்க்காதீர்கள்' என்று, பிரித்தானிய அரசு முதுகலைப் படிப்புக்குத் தரும் இந்தப் புலமைப்பரிசில் பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தங்கச்சிக்குப் பட்டப்படிப்பில் கிடைத்தது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. வெள்ளவத்தை வீட்டில் இரவிரவாக இருந்து விண்ணப்பக் கட்டுரைகளை ஏழெட்டுத் தடவை திருத்தி எழுதினாள், போன வருடம் லண்டனுக்குப் போய்விட்டாள். செவ்னிங்கில் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது தலைமைத்துவம், தொடர்புகளை வளர்க்கும் திறமை, திரும்பி வந்து என்ன செய்யப் போகிறோம் என்ற தெளிவு. படிப்பு முடிந்து திரும்பி வந்து 2 வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனையே. மேலே கருத்துப் பகுதியில் ஒரு தம்பி வேலை அனுபவம் போதாது என்று கவலைப்பட்டிருந்தார். 2,800 மணித்தியாலம் கேட்கிறார்கள்தான், ஆனால் பகுதிநேர வேலை, சம்பளமில்லாத தொண்டு வேலை எல்லாம் அதில் சேரும். தங்கச்சி சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் படிப்பித்த மணித்தியாலங்களையும் கணக்கில் காட்டினாள். விண்ணப்பக் கட்டணமும் இல்லை. முதல் முறை அவளுக்கு நேர்முகத்துக்கே அழைப்பு வரவில்லை, இரண்டாம் முறைதான் கிடைத்தது. முதல் வகுப்பு இல்லாமல் முடியாது என்று கட்டுரையில் எழுதினால் தகுதியுள்ள எத்தனை பிள்ளைகள் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்காமலே விட்டுவிடுவார்கள், அதுதான் எனக்குக் கவலை.