"டீச்சர், இது வாக்கிங் குரூப்"

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நம் வாக்கிங் குரூப்பில் வந்த அந்தப் புத்தகப் பட்டியல் விஷயத்தில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பு என் பேரில்தான் என்று ஆகிவிடும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நடக்கப் பிடித்தவர்கள் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்கள் என்று போட்டிருந்தார்கள். பத்தும் நல்ல புத்தகங்கள். பதினொன்றாவதாக மலைபடுகடாமை, பத்துப்பாட்டில் ஒன்றான அந்தச் சங்க கால ஆற்றுப்படையை, சேர்க்கலாமா என்று கேட்டேன். வற்புறுத்தவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். வந்த பதில்: "டீச்சர், இது வாக்கிங் குரூப். தமிழ் வகுப்பு இல்லை." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் நாலு வருஷமாகக் காலையில் என்னோடு நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுதான் தைத்தது.

ஆற்றுப்படை என்றால் என்ன? ஆறு என்றால் வழி. பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிற கூத்தன், எதிரே பசியோடு வருகிற கூத்தர் கூட்டத்தை நிறுத்தி, "இந்த வழியாகப் போங்கள், இங்கே தங்குங்கள், இது கிடைக்கும், இதற்குப் பயப்படுங்கள்" என்று சொல்கிறான். மலைபடுகடாம் முழுக்க, 583 அடியும், அந்தப் பேச்சுதான். நடக்கிறவனுக்கு நடந்தவன் சொன்னது. இதை நடைப் பிரியர்களின் பட்டியலில் சேர்க்காமல் வேறு எதில் சேர்ப்பது?

அதில் என்ன இருக்கிறது என்று சிரித்தவர்கள் ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம். தினைப்புனத்தைப் பன்றி அழிக்கிறது என்று இடுக்குக்கு இடுக்கு கல் பொறி மாட்டியிருப்பார்கள், இருட்டில் போகாதீர்கள், தங்கிவிட்டு விடிந்ததும் போங்கள் என்கிறது. யானையை விரட்டப் பரண் மேலிருந்து கவண்கல் எறிவார்கள், "மரம் மறையாக் கழிமின்", மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி ஒதுங்கிப் போங்கள் என்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத வழியில் குழிக்குள் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும், பார்த்துப் போங்கள் என்கிறது. வழி பிரிகிற இடத்தில் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? "சந்து நீவிப் புல் முடிந்து இடுமின்." சந்தியைத் துடைத்துவிட்டு, பின்னால் வருகிறவர்கள் தடுமாறாமல் இருக்கப் புல்லை முடிந்து வையுங்கள். இன்று மலைப்பாதையில் மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டி வைக்கிறோமே, அதே வேலை.

நடப்பதன் தத்துவத்தைப் பேசும் நூல்கள் அந்தப் பட்டியலில் நிறைய. அமெரிக்க எழுத்தாளர் தோரோ நடப்பதைப் பற்றி எழுதி, அவர் இறந்த 1862இல் அச்சான கட்டுரையும் இருக்கிறது, நடையின் வரலாற்றை எழுதிய ரெபெக்கா சோல்னிட்டும் இருக்கிறார். நானும் படித்தவள்தான். ஆனால் கால் எங்கே வழுக்கும் என்று சொல்கிற நூல் ஒன்றாவது வேண்டாமா?

"இவங்களுக்கு இங்கிலீஷ்னாலே ஆகாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். என் அலமாரியைப் பார்க்காமல் எழுதிவிட்டார். இங்கிலாந்துக் குன்றுகளுக்கு வழிகாட்டி நூல் எழுதிய வெயின்ரைட்டின் முதல் தொகுதி என்னிடம் இருக்கிறது, என் மகன் வாங்கி வந்தது. கெண்டல் ஊர் நகராட்சியில் கணக்கு வேலை பார்த்த மனிதர். கார் ஓட்டத் தெரியாது. விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போய் ஏரி மாவட்டத்துக் குன்றுகளை ஏறி இறங்கினார். 1952இல் எழுத ஆரம்பித்து, 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகள், 214 குன்றுகள். ஒவ்வொரு பக்கமும் கையால் எழுதி, கையால் வரைந்தது. அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? பஸ் போகிற தூரத்தில் இருக்கிற மலையை எழுது என்பதைத்தானே? அப்படியானால் நம் பஸ் போகிற தூரத்தில் இருக்கிற மலையின் பாட்டைக் கேட்டது எப்படிக் குற்றமாகும்?

ஆமாம், பஸ் போகிற தூரம்தான். மலைபடுகடாம் பாடுகிற அரசன் நன்னன். அவனுடைய ஊர் செங்கண்மா, திருவண்ணாமலைப் பக்கத்தில் இருக்கிற இன்றைய செங்கம். அவனுடைய நவிர மலை இன்றைய பருவதமலை என்று சொல்வார்கள். நீங்கள் பௌர்ணமிக்குப் போட்டோ போடுகிறீர்களே, அதே மலை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்ற கையோடு அங்கே போனேன். முந்தின நாள் மழை. பாறையில் கடப்பாறை அடித்து வைத்திருக்கிற கடப்பாறைப் படிக்குக் கொஞ்சம் கீழே, பாறையில் வைத்த வலது கால் அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. முழங்கால் தேய்ந்து ரத்தம். மேலே மோர் விற்கச் சுமையோடு ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மா நின்று திரும்பிப் பார்த்து, "அந்தக் கல்ல மிதிக்காத கண்ணு, பாசி புடிச்சிருக்குது. இந்தப் பக்கமா வேரப் புடிச்சிக்கினு ஏறு" என்றார். நான் வேரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "நுண்ணீர்ப் பாசி அடிநிலை தளர்க்கும்" என்று இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். பாசி காலை வாரும், மூங்கிலையும் கொறுக்கந் தண்டையும் பிடித்துக்கொண்டு போங்கள் என்பது அந்த இடத்துப் பொருள். கரும்பலகையில் பதம் பிரித்து எழுதியிருக்கிறேன். அதை ஒருவர் என்னிடம் நேராகச் சொன்னது அன்றுதான். அவர் பள்ளிக்கூடம் போயிருப்பாரா என்று தெரியாது, பாட்டைக் கேட்டிருக்கவும் மாட்டார். அந்த அம்மா சொன்னதும் கூத்தன் சொன்னதும் ஒன்றுதான்.

இதைத்தான் குரூப்பில் சொல்ல வந்தேன். சொல்ல விடவில்லை.

"அந்தப் பாதையெல்லாம் இப்ப எங்க இருக்கு?" என்று குரூப்பில் கேட்டார்கள். இருக்காது, மாறியிருக்கும். வெயின்ரைட் புத்தகத்தையே பின்னாளில் ஒருவர் மறுபடி நடந்து பார்த்துத் திருத்தித்தான் பதிப்பித்தார். நாமும் நடந்து பார்த்துத் திருத்தலாமே.

"பழந்தமிழ் புரியாது." சரி, கஷ்டம்தான். உ.வே.சா. 1889இல் மலைபடுகடாம் அடங்கிய பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார், பொ.வே. சோமசுந்தரனார் உரையும் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' எடுத்துக்கொள்ளுங்கள், தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. உரைநடைதான், இன்றைய தமிழ்தான். பட்டியலில் தமிழ் ஒன்றுகூட இல்லை என்பது யாருக்குமே உறுத்தவில்லையா?

"பெருமை பேச ஆரம்பிச்சிட்டாங்க." இந்தக் கமென்ட்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் பெருமை பேசவில்லை. உலகத்திலேயே மூத்தது என்று சொன்னேனா? பாறை வழுக்கும் என்று சொல்லியிருக்கிறது என்றுதான் சொன்னேன்.

ஆனால் "தமிழ் வகுப்பு" என்ற வார்த்தையில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். "ஆற்றுப்படை இலக்கணம் தருக" என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டவள் நான். ஒரு வருஷமாவது பிள்ளைகளை ஊருக்கு வெளியே கூட்டிப் போய், சந்தியில் நிறுத்தி, புல்லை முடியச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. சிரித்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் சிரித்ததில் என் பங்கும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறதோ என்னவோ.

என் அப்பச்சி முப்பது வருஷத்துக்கு மேல் பழனிக்குப் பாதயாத்திரை போனார். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல். 1986 தைப்பூசத்துக்கு நானும் கூடப் போனேன். நத்தம் தாண்டினால் இடது கைப் பக்கம் சிறுமலை வந்துவிடும். அன்றைக்கெல்லாம் அது கூடவே வரும். சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் மதுரைக்கு மூன்று வழி சொல்லும் மறையோன், வலப்பக்க வழியில் இதே சிறுமலையைச் சொல்கிறான். வாழை, கமுகு, தென்னை, மா, பலா எல்லாம் சொல்லி, "அம்மலை வலங்கொண்டு" போங்கள் என்கிறான். அவர்கள் போவது மதுரைக்கு, அதனால் மலை அவர்களுக்கு வலது. நாங்கள் பழனிக்கு, எங்களுக்கு இடது. நடந்துகொண்டே அப்பச்சியிடம் சொன்னேன். அவர் நின்று, மலையைப் பார்த்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாழை இன்னைக்கும் அங்கதானே வருது" என்றார். சிறுமலைப் பழம் இல்லாமல் எங்கள் வீட்டில் விசேஷம் கிடையாது.

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அதில் எழுதுவார். போன வாரம் பரணிலிருந்து எடுத்தேன். பென்சில் எழுத்து பாதி அழிந்திருக்கிறது. "பிள்ளையார் கோவில் திண்ணை, பத்துப் பேர் படுக்கலாம், எறும்பு." "பாலத்துக்கு அப்புறம் நிழல் இல்லை, ஒன்பது மணிக்குள் கடக்கவும்." "கிணறு. மூணாவது படி உடைந்திருக்கிறது, பெண்டுகளை இறங்க விட வேண்டாம்."

குரூப்பிலிருந்து நேற்று ராத்திரி வெளியே வந்துவிட்டேன், யாரும் என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். பழனியோ, வேளாங்கண்ணியோ, சபரிமலையோ, சுவடு தெரியாமல் போன மாட்டுச்சந்தை வழியோ, ஏதாவது ஒன்றுக்கு அப்பாவோ தாத்தாவோ எழுதி வைத்தது. பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். தட்டச்சு நான் செய்கிறேன்.