மாதிரி இல்லாத தையல் வகுப்பு

கோத்தகிரிப் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்காக நாங்கள் நடத்திய துணி, நூல் பட்டறையில் முதல் அரைமணி நேரம் முழுவதும் என் காதில் விழுந்தது ஒரே கேள்விதான்: "டீச்சர், மாதிரி எங்கே?" ஆளுக்கு ஒரு முழத் துணியும் ஒரு கம்பளி ஊசியும் கொடுத்து, மாதிரி கிடையாது, மாலையில் எதையும் முடித்துக் காட்டவும் வேண்டாம் என்று சொன்னால், இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்கள்கூடப் பக்கத்து இருக்கையைத்தான் பார்க்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முன்பு ஒரு பயிற்சியில் நான் தைத்த துணிப் பொம்மை, கோணலாக இருக்கிறது என்று காட்சி மேசையிலிருந்து எடுத்து ஓரமாக வைக்கப்பட்டது. அதன் பிறகு நெடுங்காலம் கடையில் வாங்கிய சார்ட்டைத் தவிர வேறெதையும் நான் வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை. அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகளின் ஊதா நிற யானைகளை நானும் ஓரமாக வைத்தேனோ!

பட்டறையில் கைகளின் கூச்சத்தைப் போக்கியது பழைய ஸ்வெட்டர்தான். கையால் பின்னிய ஸ்வெட்டரின் பக்கத் தையலை அறுத்துவிட்டு, பின்னல் முடிந்த கழுத்துப் பக்கத்திலிருந்து இழுத்தால் நூல் சரசரவென்று வரும்; தவறான முனையில் தொடங்கினால் சிக்கலாகிவிடும். இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் இழுக்க மற்றவர் உருண்டை சுற்றியபோது, மாதிரி கேட்ட தலைமையாசிரியையே, சுருண்டு கிடந்த நூலுக்குக் கெட்டிலின் ஆவியைக் காட்டி நிமிர்த்த முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லித் தரவில்லை. நூல் நிமிர்ந்தது.

பிற்பகலில் வந்த தோடர் இனத்து அக்கா ஒருவர், அவர்கள் போர்த்தும் வெள்ளைச் சால்வையான பூத்துக்குளியில் சிவப்பும் கறுப்புமாக எழும் வேலைப்பாட்டைச் செய்து காட்டினார். துணியில் பென்சில் கோடு ஒன்றுகூடக் கிடையாது. இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வடிவங்களை எங்கள் துணியில் நகலெடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அது அவர்களுடைய சொத்து. கண்ணெதிரே வரைபடம் இல்லாமல் கை யோசிப்பதை ஆசிரியர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவரை அழைத்தோம்.

பள்ளியில் நூலுக்கு இடம் கொடுப்பது நமக்குப் புதிதன்று. 1937-இல் காந்தியின் தலைமையில் நடந்த வார்தா கல்வி மாநாடு கைத்தொழிலைக் கல்வியின் மையத்தில் வைத்தபோது, நூல் நூற்கும் கைக்கதிரான தக்ளி அதன் அடையாளமாகவே ஆனது. ஆனால் அத்திட்டம் படிப்படியாக ஆசிரியரின் ஊதியத்தையும் ஈட்டித்தரும் என்று அந்த மாநாடே எதிர்பார்த்தது. அப்போதே கண் நூலின் எடைக்குப் போய்விட்டது என்பது என் கருத்து. இன்று எடைக்குப் பதிலாக வாட்ஸ்அப் குழுவில் போடும் புகைப்படம் வந்திருக்கிறது. படம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், யாரும் தெரியாத தையலைப் போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

பாடம் நடத்தவே நேரமில்லை, இதில் ஊசி நூலா என்று கேட்பவர்களின் ஆதங்கம் நியாயமானதே. அதனால்தான் தனி நாள் கேட்காமல், நடக்கிற பயிற்சிகளிலேயே இரண்டு மணி நேரம் கேட்கிறேன். செலவும் பெரிதில்லை. தையற்கடைத் துண்டுத் துணி இலவசமாகவே கிடைக்கிறது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் வீட்டில் பிரிக்கத் தகுந்த ஸ்வெட்டர் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். கையால் பின்னியதாக இருக்கட்டும். ஜிப் வைத்தது வேண்டாம்.