ஆச்சி தின்ற கம்பெனி கேக்

போன வாரம் எங்கள் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஒருத்தன் ஒரு பழைய கேக் பாக்கெட்டின் படத்தைப் போட்டான். செங்கல் மாதிரி நீளமான மஞ்சள் கேக், துண்டு போட்டது, உள்ளே சிவப்பும் பச்சையுமாக மணிகள், மேலே கண்ணாடி கவர். அவ்வளவுதான், ரெண்டு மணி நேரத்தில் எண்பது மெசேஜ். "அந்த ருசி இப்போ எங்கடா வருது", "அப்போல்லாம் வெண்ணெய் போட்டுச் செஞ்சான்டா", கண்ணீர் விடும் பொம்மை, இதயம் பொம்மை. நான் "அப்பவும் அது சுமார்தான்டா" என்று ஒரே ஒரு வரி போட்டேன். அதற்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது. சரி, குழுவில் சண்டை போட்டு முடியாது, இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் அம்பாசமுத்திரத்துக்காரன். அல்வா ஊர் மாவட்டத்தில் பிறந்துவிட்டு பாக்கெட் கேக்கைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். அல்வா எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. யார் வந்தாலும் அல்வா, எங்கே போனாலும் அல்வா, வாழையிலையில் எண்ணெய் ஊற ஊற. கேக்தான் வெளியூரிலிருந்து வந்த பொருள். ஊரில் ஒரு பேக்கரி இருந்தது, ஆனால் அங்கே கேக் என்றால் பிறந்தநாள் கேக், முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டும், அதற்கெல்லாம் எங்கள் வீட்டில் வழியில்லை. பிறந்தநாளும் இல்லாமல், பண்டிகையும் இல்லாமல், சும்மா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கேக் தின்ன முடியும் என்று எங்களுக்குக் காட்டியது அந்தப் பாக்கெட் கேக்தான்.

அப்பாவுக்குத் திருநெல்வேலியில் வேலை. சனிக்கிழமை ஜங்ஷனில் பஸ் ஏறுவதற்கு முன்னால் வாங்கிவிடுவார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, அவரே கவரைப் பிரித்து, எவர்சில்வர் தட்டில் துண்டுகளை வரிசையாக அடுக்கி, கவரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். குப்பை போடக் கூடாது என்கிற ஒழுக்கம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு துண்டு, வீட்டில் ஐந்து பேர். முனைத் துண்டுக்கு எனக்கும் அக்காவுக்கும் அடிதடி நடக்கும், ஏனென்றால் அதில்தான் பழுப்புத் தோல் மூன்று பக்கமும் இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் பேப்பரில் கொஞ்சம் கேக் அப்பிக்கொண்டு வரும், அதைப் பல்லால் சுரண்டித் தின்பது தனி வேலை, பேப்பரும் சேர்ந்து கொஞ்சம் உள்ளே போகும். ஆறாவது துண்டு கேள்வியே இல்லாமல் ஆச்சிக்கு. ஆச்சிக்குப் பல் கிடையாது. கேக்கை காப்பியில் முக்கி, அது கரைந்து தம்ளருக்குள் விழுவதற்கு முந்தின நொடியில் வாயில் போட்டுக்கொள்வாள். அந்தக் கணக்கு ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

ருசி என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன். சர்க்கரை, வெனிலா எசன்ஸ் வாசனை, மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும் ஒரு பிசுபிசுப்பு. ரெண்டாவது துண்டு கிடைத்திருந்தால் பாதியிலேயே திகட்டியிருக்கும். கிடைக்கவில்லை, அதனால் திகட்டவில்லை. அந்த மணிகளைப் பழம் என்று நம்பித் தனியாகப் பொறுக்கி எடுத்துக் கடைசியில் தின்போம். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காயைப் பொடியாக நறுக்கி வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றியது என்று தெரிந்தபோது எனக்கு முப்பது வயது. எங்கள் வீட்டுக் கொல்லையில் பப்பாளி காய்த்துக் காகம் கொத்தி விழுந்து கிடக்கும், ஒருத்தரும் சீந்த மாட்டோம். கேக் மேலே வைக்கிற செர்ரி பல நேரம் களாக்காய் என்பது இன்னொரு அதிர்ச்சி, அதை விடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீடு சைவம். ஆச்சி ரொம்பச் சைவம். பக்கத்து வீட்டு டீச்சர் கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக் கொடுத்துவிடுவார்கள். ஆச்சி அந்தத் தட்டை அடுக்களைக்குள்ளேயே விட மாட்டாள், முட்டை போட்டது என்று திண்ணையிலேயே நாங்கள் தின்றுவிட்டு வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வர வேண்டும். ஆனால் பாக்கெட் கேக்குக்கு எந்தத் தடையும் இல்லை. அக்கா ஒருநாள் கேட்டே விட்டாள், இதுலயும் முட்டை இருக்குமே ஆச்சி என்று. அதற்கு ஆச்சி சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் நடமாடுகிறது: "கூறுகெட்டவளே, அது கம்பெனியில மிசின் செய்யுதது. மிசினு எங்கிட்டு முட்டைய உடைக்கும்?"

அந்த லாஜிக்கில் பல வருஷம் வண்டி ஓடியது. அப்புறம் அரசாங்கம் புள்ளி வைத்தது. 2001 வாக்கில் பாக்கெட் தின்பண்டங்களில் பழுப்புப் புள்ளி வர ஆரம்பித்தது நினைவிருக்கும், அசைவம் ஏதாவது சேர்ந்திருந்தால் பழுப்பு, அதில் முட்டையும் சேர்த்தி. நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நானே கேக் வாங்கிக்கொண்டு போனேன், சம்பாதிக்கிற பையன் இல்லையா. பஸ்ஸில் சும்மா கவரைத் திருப்பிப் பார்த்தால் சதுரத்துக்குள் பழுப்புப் புள்ளி. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவைத் தனியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. "தெரியும்ல. முன்னாடியும் இங்கிலீசுல போட்டுத்தான் இருந்தான். ஆச்சிட்ட சொல்லிராத" என்று கவரைப் பிரித்துத் தட்டை எடுக்கப் போய்விட்டார். அத்தனை சனிக்கிழமையும் அந்தச் சட்டைப் பைக்குள் போன கவர் எதற்கென்று அன்றைக்குத்தான் உறைத்தது. அம்மாவுக்குத் தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை.

குழுவில் என்னைத் திட்டியவர்களுக்கு இப்போது ஒரு அமெரிக்கக் கதை. அங்கே ட்விங்கி என்று ஒரு பாக்கெட் கேக் உண்டு, விரல் மாதிரி நீளமாக, உள்ளே கிரீம் வைத்தது. 1930இல் சிகாகோ பக்கத்தில் ஜேம்ஸ் டூவர் என்பவர் கண்டுபிடித்தார். ஸ்ட்ராபெரி கேக் சுடும் அச்சுகள் ஸ்ட்ராபெரி சீசன் முடிந்ததும் சும்மா கிடக்கின்றனவே என்ற கவலையில் பிறந்த பண்டம் அது, நம் ஊர்க் கடைக்காரர் புத்திதான். முதலில் உள்ளே வைத்தது வாழைப்பழ கிரீம். இரண்டாம் உலகப் போரில் வாழைப்பழத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் வெனிலாவுக்கு மாற்றினார்கள், அதுவே நிலைத்துவிட்டது. 2012 நவம்பரில் அதைச் செய்துவந்த ஹோஸ்டஸ் கம்பெனி திவாலாகி மூடப்போகிறது என்றதும் ஜனங்கள் கடைகளில் அலமாரியைக் காலி செய்தார்கள், இணையத்தில் கொள்ளை விலைக்கு ஏலம் போட்டார்கள். அடுத்த ஜூலையில் வேறு முதலாளிகள் கையில் திரும்ப வந்தபோது ஊரெல்லாம் செய்தி. எனக்கு இதில் பிடித்த இடம் எதுவென்றால், எந்த வெனிலா ருசிக்காக அவ்வளவு பேர் உருகினார்களோ, அதைப் போர்க்காலத்தில் முதன்முதலாகத் தின்ற கிழவர் ஒருத்தராவது "சே, பழைய ருசி போச்சு" என்று சொல்லியிருப்பார். நிச்சயம் சொல்லியிருப்பார். எங்கள் குழுவில் இருந்திருந்தால் எண்பது மெசேஜ் போட்டிருப்பார்.

வெண்ணெய் போட்டுச் செய்தான் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்து, பிரித்தால் பஞ்சு மாதிரி இருக்கிற கேக் அப்போதும் பாட்டி கைப்பக்குவம் கிடையாது. கவரின் பின்னால் 422 என்று ஒரு எண் இருக்கும், அது கிளிசரால். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. அதனால் கேக்கும் காயாது, பூஞ்சைக்கும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. மீறி வருகிற பூஞ்சையை 202 பார்த்துக்கொள்ளும், அது பொட்டாசியம் சார்பேட். டீக்கடை பாட்டிலில் இருக்கும் கேக் ரெண்டு நாளில் கல்லாவதற்கும் இது ஆகாததற்கும் அதுதான் வித்தியாசம். இதைச் சொன்னால் உடனே "பார்த்தியா, எல்லாம் விஷம்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களோடும் எனக்குச் சரிப்படாது. தினமும் தின்றால் கெடுதல்தான், சர்க்கரையும் மைதாவும் எண்ணெயும் வேறு என்ன செய்யும், அதற்காக வாரம் ஒரு துண்டு தின்ற எங்களை ஏதோ விஷம் குடித்து வளர்ந்த பிள்ளைகள் மாதிரிப் பார்க்காதீர்கள்.

உண்மையாகவே கோபப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அந்த எண்பது மெசேஜில் ஒருத்தனும் பேசவில்லை. அளவு. அஞ்சு ரூபாய் கேக் அஞ்சு ரூபாயாகவே இருக்கும், பத்து ரூபாய் கேக் பத்து ரூபாயாகவே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் சத்தமில்லாமல் இளைத்துக்கொண்டே போகும். கவரைக் கையில் எடுத்தால் பாதி காற்று. கிராமுக்கு இத்தனை பைசா என்றும் கவரில் போட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது, அந்தப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். ருசி போச்சு என்று அழுகிறவர்களைக் கம்பெனிக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், கிராம் கேட்கிறவனைத்தான் பிடிக்காது.

என் மகளுக்கு இந்த மஞ்சள் கேக்கே பிடிக்காது. அவளுக்கு சாக்கோ பை, சாக்லேட் பூசின குட்டி வட்டக் கேக். அது கொரியாவில் 1974இல் பிறந்த பண்டம், நம் பக்கம் லோட்டே கம்பெனி 2004இல் பாரீஸ் மிட்டாய்க் கம்பெனியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, பிறகு சென்னைப் பக்கத்திலேயே சுட ஆரம்பித்தது. நடுவில் இழுபடுகிற வெள்ளைப் பொருளுக்கு மற்ற ஊர்களில் மாட்டு எலும்பு, பன்றித் தோல் என்று எதிலிருந்தாவது எடுத்த ஜெலட்டின் போடுவது வழக்கம். இங்கே விற்க வேண்டும் என்றால் அது ஆகாது என்று புரிந்துகொண்டு சைவமாக மாற்றி, பச்சைப் புள்ளி வாங்கிவிட்டார்கள். ஆச்சி தாராளமாகத் தின்றிருக்கலாம். ஆனால் அது காப்பியில் முக்கினால் கரையாது, பல்லில்லாத வாய்க்கு ஆகாது, அதனால் "என்னத்தப் பண்டமோ" என்று தள்ளியிருப்பாள். இன்னும் இருபது வருஷம் கழித்து என் மகளும் இப்படி ஒரு பதிவு போடுவாள், அந்த சாக்கோ பை ருசி இப்போ வருமா என்று. அதற்கும் யாராவது "சுமார்தான்" என்று பதில் போடுங்கள், நான் இருந்தால் நானே போடுகிறேன்.

ஆச்சி போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தோம். மகளுக்கு சாக்கோ பை வாங்கும்போது அதே கடையில் துண்டு போட்ட மஞ்சள் கேக் ஒன்றையும் வாங்கினேன், இப்போது அந்தப் பழுப்புப் புள்ளிக்குப் பதிலாகப் பழுப்பு முக்கோணம் போட்டிருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒரு துண்டுக்கு மேல் தரக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். அப்பா எழுந்து போய்த் தட்டு எடுத்துவந்தார், கவரைப் பிரித்தார், துண்டுகளை அடுக்கினார். பிறகு கவரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.